விண்ணினின்று மீளும் கலமும் வான்குடையும்

உயர ஏறுவோரை உலகம் அண்ணாந்து நோக்கி வியக்கும். இறங்கி வருவோரை நோக்குவார் சிலரே. விண்கலம் ஒன்று நெருப்பைக் கக்கி எழும் காட்சியைக் காணப் பல்லாயிரவர் திரள்வர். ஆயின் அக்கலம் திரும்பி வருங்காலத்து, அதனுள்ளிருக்கும் மாந்தரின் உயிர் சில நிமிடங்கள் ஒரு துணியையும் சில கயிறுகளையும் பற்றித் தொங்குகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பார் அரியர். வானினின்று மெல்ல இறங்குதற்குரிய அக்கருவியை ஆங்கிலத்தார் பாரசூட் என்பர். நாம் வான்குடை என வழங்குவோம். மனிதரை ஏற்றிய விண்கலங்களுக்கு ஏற்ப அவ்வான்குடை எங்ஙனம் அமைக்கப்பட்டது, அதன்கண் நேர்ந்த இடர்கள் எவை, அவற்றினின்று அறிஞர் பெற்ற படிப்பினை யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

பழைய வரலாறு

வான்குடை பற்றிய எண்ணம் மிகப் பழையது. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி 15-ஆம் நூற்றாண்டிலேயே கூர்ங்கோபுர வடிவான துணிக்குடை ஒன்றை வரைந்து வைத்தார். எனினும், பெருங்குடையொன்றில் தொங்கி உயர்ந்த வானினின்று இறங்கிக் காட்டியவர் ஆந்திரே கார்னரின் என்னும் பிரெஞ்சுக்காரராவார். அவர் 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பாரிஸ் நகரத்தின்மேல் புகைக்கூண்டொன்றில் எழுந்து, பட்டுக்குடையொன்றைப் பற்றிக் கீழிறங்கினார். உயிர் பிழைத்தாரெனினும், வரும் வழியெல்லாம் அக்குடை ஊஞ்சல்போல் அவரை இருபுறமும் வீசியாட்டியது. குடையினுள் நிறைந்த காற்று வெளியேற வழியின்றி, ஒருமுறை ஒரு பக்கத்தும் மறுமுறை மறுபக்கத்தும் விளிம்பின் வழியே பொங்கி வழிந்தமையே அவ்வாட்டத்திற்குக் காரணம். பின்னர்க் குடையின் உச்சியில் ஒரு துளை விடப்பட்டது, ஆட்டமும் தணிந்தது. காற்றைத் தடுக்க வேண்டிய துணி, அக்காற்றிற்குச் சிறிது வழியும் விடவேண்டும் என்னும் நுட்பம் இவ்வாறு தெரியலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தியோடர் கினாக்கே முதலிய அறிஞர் முழுத்துணிக்கு மாறாக நாடாக்களை இடைவெளி விட்டு இணைத்துக் குடை செய்ததும் இந்நுட்பத்தின் வளர்ச்சியேயாம். செருமனியில் நாடாக்குடையை ஆக்கிய அவரே பின்னாளில் அமெரிக்காவில் அப்போலோக் கலத்தின் குடைகளை அமைப்பதிலும் ஈடுபட்டார்.

காற்றுத் தடையின் இயல்பு

பூமியைச் சுற்றும் கலம் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் விரைவிற் செல்லும். அது காற்று மண்டலத்துள் புகும்போது, அடிப்புறத்து வெப்பக்காப்பு தீயெனக் காய்ந்து அவ்விரைவின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றது. உருசிய நாட்டின் சோயுஸ் கலத்தில் முதற்குடைகள் விரியும்போது எஞ்சிய விரைவு நொடிக்கு ஏறக்குறைய 230 மீட்டர் மட்டுமே. இயக்க ஆற்றல் விரைவின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், குடைகள் ஏற்கவேண்டியது தொடக்கத்து ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கணக்கில் இஃது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வற்பமே உள்ளிருப்பாரைக் கொல்லப் போதுமானது.

குடையை ஒரே முறையில் விரித்துவிடலாகாதோ என மாணாக்கர் வினவலாம். காற்றின் தடையும் விரைவின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவது. விரைவு இருமடங்காயின் தடை நான்மடங்காகும். சோயுஸின் பெருங்குடை 1,000 சதுர மீட்டர் பரப்புடையது. நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் விரைவில் கலத்தின் எடையைத் தாங்கி நிற்கும். அதனை நொடிக்கு 230 மீட்டர் விரைவில் ஒருங்கே விரிப்பின், உயரத்திற் காற்று மெலிந்திருப்பதைக் கழித்தும், கலத்தின் எடையைப்போல் சில நூறு மடங்கு இழுப்பு உண்டாகும் எனக் கணக்குக் கூறும். எந்தத் துணியும் எந்தக் கயிறும் எந்த மனித உடலும் அதனைத் தாங்கா.

ஆகலின் குடைகள் படிப்படியாக விரிக்கப்படுகின்றன. சோயுஸ் கலத்தில் முதலில் இரண்டு சிறிய இழுகுடைகள் வெளிப்படும். அவற்றுள் இரண்டாவது, 24 சதுர மீட்டர் பரப்புள்ள தடைக்குடையை இழுத்து விரிக்கும். அத்தடைக்குடை விரைவை நொடிக்கு 80 மீட்டராகக் குறைத்த பின்னரே பெருங்குடை வெளிவரும். அப்பொழுதும் அஃது ஒருங்கே வாய்திறவாதிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. நம் வீட்டுச் சுருக்குப் பையின் வாயிற் கயிறு கோத்திருப்பதுபோலப் பெருங்குடைகளின் விளிம்பைச் சுற்றிலும் வளையங்களில் ஒரு கயிறு கோக்கப்படுகின்றது. அக்கயிறு குடையின் வாயைக் குறுக்கிப் பிடித்திருக்கும். சில நொடிகள் கழிந்தபின், முன்னரே காலம் குறித்து வைத்த சிறு வெடிகள் கத்திகளைத் தள்ள, அவை கயிற்றை அறுக்கும், குடையும் மலரும். அப்போலோக் கலத்தின் பெருங்குடைகளில் இச்சுருக்கு இரண்டு படிகளில் அவிழ்க்கப்பட்டது.

நொடிக்கு 7 மீட்டர் என்பதும் மென்மையான இறக்கமன்று. ஏறக்குறைய எட்டடி உயரத்தினின்று குதிப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் அமெரிக்கர் தம் முதற் கலங்களைக் கடலில் இறக்கி நீரையே மெத்தையாக்கினர். உருசியர் நிலத்தில் இறக்குவோராதலின், தரையைத் தொடுதற்கு ஒரு நொடி முன்னர்க் கீழ்நோக்கிச் சீறும் சிறு ராக்கெட்டுகளைச் சோயுஸில் அமைத்தனர். அதற்கு முன் 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் விண்ணேகிய யூரி ககாரின், கலத்தோடு தரையில் மோதாதிருக்கும் பொருட்டு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பெற்றுத் தமக்குரிய தனிக்குடையில் இறங்கினார்.

கோமரோவின் முடிவு

இவ்வளவு முறையாக அமைந்த ஏற்பாட்டில் ஓரிடம் பிழைப்பின் என்னாகும் என்பதை 1967-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் விளாதிமிர் கோமரோவ் என்பார் முதலாம் சோயுஸில் தனியே விண்ணேகினார். கலம் மேலே சென்றதும் கதிரொளியினின்று மின்னாற்றல் பெறும் இரு சிறகுகளுள் ஒன்று விரியவில்லை. வேறு குறைகளும் தோன்றவே, மறுநாள் செல்லவிருந்த இரண்டாம் கலம் நிறுத்தப்பட்டது. கோமரோவைத் திரும்புமாறு பணித்தனர். குறையுள்ள அக்கலத்தைத் தம் கைத்திறத்தால் நெறிப்படுத்தி, காற்று மண்டலத்தின் தீயையும் கடந்து அவர் வந்தார். அரிய பகுதிகளெல்லாம் முடிந்தன. எளியதாகக் கருதப்பட்ட குடையே எஞ்சி நின்றது.

தடைக்குடை விரிந்தது, ஆயின் பெருங்குடையைப் பெட்டியினின்று இழுக்க அதனால் இயலவில்லை. பெட்டியின் உள்ளேயும் வெளியேயும் இருந்த அழுத்த வேறுபாட்டால் பெட்டியின் சுவர்கள் குடையை நெருக்கிப் பிடித்துக்கொண்டன என ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். சேமக்குடை ஒன்று இல்லாமற் போகவில்லை. அதுவும் வெளிவந்தது. ஆனால் அறுந்து விலகாது மேலே நின்ற தடைக்குடையின் நிழலில், அதனோடு சிக்கி, காற்றைக் கொள்ளாது போயிற்று. ஏப்ரல் 24-ஆம் நாள் ஓரென்பர்க்கு வட்டாரத்துச் சமவெளியில் கலம் மோதிச் சிதைந்தது. விண்வெளிப் பயணத்தில் உயிர் துறந்த முதல் மனிதர் கோமரோவ்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கலத்தில் இரண்டு குடைகள் இருந்தன. எண்ணத்தக்க பொருள் இரண்டாயினும், தப்பும் வழி இரண்டாக இருந்ததில்லை. முதற்குடையின் பகுதிகள் அகன்றாலன்றி இரண்டாம் குடைக்கு இடமில்லை. அவை அகலாமையே அன்றைய குறை. ஒரு கயிற்றில் தொங்குபவன் அக்கயிற்றிலேயே மற்றொரு கயிற்றைக் கட்டி வைத்திருப்பின், முதற்கயிறு அறும்போது இரண்டாவதால் அவனுக்குப் பயன் யாது? துணை என்பது முதலின் பிழையால் தானும் தீண்டப்படாததாய் இருத்தல் வேண்டும். இதனைக் கற்றற்கு ஓர் உயிர் விலையாயிற்று. அதன்பின் குடைப்பெட்டி பெரிதாக்கப்பட்டது, உட்சுவர்கள் வழுவழுப்பாக்கப்பட்டன. மனிதரை ஏற்றிய அடுத்த சோயுஸ் 1968-ஆம் ஆண்டு அக்டோபரிலேயே பறந்தது.

மூன்றில் ஒன்று

அமெரிக்கர் தம் அப்போலோக் கலத்திற்கு வேறொரு வழியை மேற்கொண்டனர். பெருங்குடை ஒன்றும் சேமக்குடை ஒன்றும் வையாது, ஒத்த மூன்று பெருங்குடைகளை ஒருங்கே விரித்தனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 மீட்டர் விட்டமுடையது. ஒவ்வொன்றையும் இழுப்பதற்குத் தனித்தனி இழுகுடை இருந்தது. அவற்றிற்கு முன் விரியும் தடைக்குடைகளும் இரண்டு. பெருங்குடைகள் மூன்றில் இரண்டே கலத்தை ஊறின்றி இறக்கவல்லன. இம்முறையில், முதற்குடை பழுதுற்றதா என்று ஆராய்ந்து அடுத்ததை விரிக்கவேண்டிய முடிவை எவரும், எக்கருவியும் எடுக்கவேண்டுவதில்லை. உதவி முன்னரே விரிந்து நிற்கின்றது.

மூன்றில் ஒன்று அழிந்தால் தாங்கும் பரப்பு மூன்றில் இரண்டு பங்காகும். இறங்கும் விரைவு பரப்பின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் மாறுவதாதலின், கணக்கின்படி விரைவு நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு மிகும். பரப்பு மூன்றில் ஒன்று போயினும் விரைவு அவ்வளவு மிகாமையே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

இஃது ஏட்டுக் கணக்காகவே நின்றுவிடவில்லை. 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் டேவிட் ஸ்காட், ஆல்பிரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் என்னும் மூவரும் பதினைந்தாம் அப்போலோவில் நிலவினின்று மீண்டனர். மூன்று குடைகளும் மலர்ந்தன. பின்னர் அவற்றுள் ஒன்று இறங்கும் வழியில் சுருங்கித் துவண்டது. கலம் கடலைச் சற்று வன்மையாகத் தாக்கிற்று. மூவரும் நலமே வெளிவந்தனர். கலத்தில் எஞ்சிய எரிபொருளைக் குடைகளின் கீழ் வெளியேற்றியபோது அஃது எரிந்து கயிறுகளைத் தீய்த்திருத்தல் கூடும் என ஆராய்ச்சியிற் கண்டனர். இங்கும் கோமரோவின் படிப்பினை வேறுருவில் தோன்றுதலைக் காண்க. ஒன்றைத் தீய்த்த நெருப்பு மூன்றையும் தீய்த்திருக்கலாம். எண்ணிக்கையை மிகுத்தல் மட்டும் போதாது. எல்லாவற்றையும் ஒருங்கே கெடுக்கவல்ல காரணத்தையும் களைதல் வேண்டும். அதனால் அடுத்த பயணத்தில் எரிபொருளை வானிற் கொட்டாது உள்ளே வைத்துக்கொண்டே இறங்கினர்.

இக்கொள்கையை அமெரிக்கர் துணிக்கு மட்டுமன்றி ஆட்களுக்கும் பொருத்தினர். அப்போலோவின் குடைகளை மடித்துக் கட்டுதற்கு உரிமம் பெற்றவர் மூவரே. ஒரு விபத்தில் மூவரையும் இழத்தலாகாது என்று கருதி, அவர்கள் ஒரே மோட்டார் வண்டியிற் செல்லுதல் தடுக்கப்பட்டிருந்தது.

கணக்கும் சோதனையும்

நிலவிற்குச் செல்லும் வழியை நுட்பமாகக் கணித்தோர்க்கு ஒரு துணிக்குடை ஏன் இத்துணை அரிதாயிற்று? இரும்புப் பாலத்தின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைப் பொறியாளர் முன்னரே கணக்கிட்டுச் சொல்வர். பாலத்தின் வடிவம் பெரிதும் மாறாது. குடையோ காற்றினால் வடிவம் பெறுவது. அதன் வடிவம் மாறக் காற்றின் ஓட்டமும் மாறும். ஓட்டம் மாற வடிவமும் மீண்டும் மாறும். துணியின் இழைகளுக்கிடையே காற்றும் கசியும். அகன்ற அடிப்புறமுள்ள கலம் காற்றைக் கிழித்து வருங்கால், அதன் பின்னே சுழல்கள் நிறைந்த வெறுமையொன்று தொடரும். குடை அதற்குள் அகப்படின் மலராது. ஆதலின் தடைக்குடைகளைச் சிறு பீரங்கிபோன்ற குழாயினின்று வெடித்தெறிந்து, அச்சுழலுக்கு அப்பால் நல்ல காற்றிற் சேர்க்கின்றனர். பல குடைகள் கூடின், அவை ஒன்றையொன்று மோதும். ஒன்று முந்தி மலர்ந்து மற்றதன் காற்றைப் பறிக்கும்.

மடிக்கும் தொழிலும் எளிதன்று. அமெரிக்கரின் ஓரியன் கலத்தில் பெருங்குடை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 மீட்டர் விட்டமுடையது. அதனை அழுத்தும் பொறிகளால் அழுத்திக் கருவாலி மரத்தின் அடர்த்தியுள்ள கட்டியாக்குகின்றனர். அக்கட்டி மாதக்கணக்கில் கிடந்து, விண்ணின் குளிரையும் வெப்பத்தையும் கண்டு, பின்னர்ச் சில நொடிகளில் மலர்தல் வேண்டும்.

இக்காரணங்களால் குடையின் தகுதியை மெய்ப்பிக்கும் வழி, விமானத்தினின்று உண்மையான பாரத்தோடு எறிந்து பார்த்தலேயாம். அங்ஙனம் எறியும்போதும் எல்லாம் செம்மையாயிருக்கும் நிலையை மட்டும் ஆராய்தல் பயனின்று. ஒரு தடைக்குடை இல்லாமலும், ஒரு பெருங்குடை விரியாமலும், வேண்டுமென்றே பழுதாக்கி எறிகின்றனர். ஓரியனின் குடைகள் அரிசோனாப் பாலைவனத்து யூமா என்னுமிடத்தில் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டன. 2008-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் மாதிரிக் கலமொன்று அங்கு விழுந்து நொறுங்கிற்று. கலத்தைச் சோதனைக்குரிய நிலையில் நிறுத்துதற்கென்றே சேர்த்த துணைக்குடை விரியாமையே அதற்குக் காரணம். பதினேழு வளர்ச்சிச் சோதனைகளும் எட்டுத் தகுதிச் சோதனைகளும் நடத்தி 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வேலை நிறைவெய்தியது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் மனிதரில்லா ஓரியன் நிலவைச் சுற்றி மீண்டு, மூன்று குடைகளுடன் கடலில் இறங்கிற்று.

2019-ஆம் ஆண்டு இத்துறையார்க்கு இரண்டு பாடங்களைத் தந்தது. ஏப்ரலில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தார் நெவாடாவில், நான்கு பெருங்குடைகளுள் ஒன்று விரியாதபடி செய்து மாதிரிப் பாரமொன்றை எறிந்தனர். எஞ்சிய மூன்றும் தாங்கவேண்டியவை தாங்கவில்லை. பாரம் தரையில் மோதி அழிந்தது. குடைகளின் கயிறுகளுக்கிடையே பாரம் சமமாகப் பங்கிடப்படும் என்று கொண்ட பழைய மதிப்பீடு பொருந்தாதென்பதும், சில கயிறுகள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக இழுக்கப்படுகின்றன என்பதும் வெளியாயின. கயிறுகளை நைலானினும் வலிய இழையால் ஆக்கி, தையல்களையும் திருத்தி, மூன்றாம் வகைக் குடையொன்றை உருவாக்கினர். அக்குடைகளைக் கொண்ட கலத்தில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இருவர் நலமே கடலில் இறங்கினர். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் நால்வர் திரும்பியபோது, நான்கில் ஒரு குடை மற்றவற்றினும் காலந்தாழ்த்தே மலர்ந்தது. எஞ்சிய மூன்றும் பாரத்தைத் தாங்கின. சோதனை வெளியில் அன்று நேர்ந்த அழிவு, கடலின்மேல் நால்வர்க்கு அரணாயிற்று என்னலாம்.

இரண்டாம் பாடம் அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் போயிங் நிறுவனத்தாரின் ஸ்டார்லைனர்க் கலத்திற்கு வாய்த்தது. ஆளில்லாச் சோதனையொன்றில் மூன்று பெருங்குடைகளுள் இரண்டே வெளிவந்தன. இழுகுடையையும் பெருங்குடையையும் இணைக்கும் சிறு ஊசியொன்று செவ்வனே பொருத்தப்படவில்லை. பொருந்தியதா இல்லையா என்பதைக் கண்ணாற் காணுதலும் எளிதாயில்லை. கலம் இரண்டு குடைகளால் ஊறின்றி இறங்கிற்று. அதன்பின் அவ்விணைப்பை இழுத்துப் பார்த்து உறுதி செய்யும் முறை சேர்க்கப்பட்டது. ஆயிரம் கணக்குகள் சரியாயிருந்தும், ஓர் ஊசியின் முனையில் அனைத்தும் நின்றமை காண்க.

நம் நாட்டு முயற்சி

இந்தியாவும் ககன்யான் என்னும் திட்டத்தின்கீழ் மனிதரை விண்ணுக்கு அனுப்ப முயன்று வருகின்றது. அக்கலத்திற்குப் பத்துக் குடைகள். இரண்டு குடைகள் உச்சி மூடியை அகற்றும். இரண்டு தடைக்குடைகள் விரைவைத் தணிக்கும். மூன்று இழுகுடைகள் மூன்று பெருங்குடைகளை விரிக்கும். பெருங்குடை மூன்றில் இரண்டே போதுமானவை. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஜான்சிக்கு அணித்தான பாபினா வெளியில் 5 டன் பாரம் 2.5 கிலோமீட்டர் உயரத்தினின்று விமானத்தால் எறியப்பட்டது. அன்று ஆராயப்பட்ட நிலை, ஒரு பெருங்குடை விரியாத நிலையேயாம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சண்டிகரில் தண்டவாளத்தின்மேல் ராக்கெட்டு வண்டியை ஓட்டித் தடைக்குடைகளைச் சோதித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஆளின்றி எழுந்த மாதிரிக் கலம் குடைகளால் வங்கக் கடலில் இறங்கியது. பிறர் பெருவிலை கொடுத்துப் பெற்ற அறிவை நம் நாட்டார் தொடக்கத்திலேயே கைக்கொண்டமை பாராட்டற்பாலது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் நாம் அறிவது யாது? பிழையே நேராத குடையை ஒருவரும் செய்ததில்லை. பிழை நேரினும் உயிர் பிழைக்குமாறு அமைப்பதே இக்கலையின் திறம். அவ்வாறு அமைத்தற்கு மூன்று வேண்டும்: ஒன்றன் கேட்டால் மற்றொன்று கெடாத துணை, யாரும் மேலே இல்லாத நாளில் பழுதைத் தாமே உண்டாக்கிப் பார்க்கும் துணிவு, பெயர் அறியப்படாத கைகள் ஓர் ஊசியையும் ஒரு முடிச்சையும் இருமுறை நோக்கும் பொறுமை.

கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வாராத சோதனையை மறைத்துவிட்டு, வந்த விடையை மட்டும் ஏட்டில் எழுத மாணாக்கர் மனம் இயல்பாக விழையும். பாலைவனத்தில் நொறுங்கிய மாதிரிக் கலங்களை அறிஞர் மறைத்திருப்பின், அக்குறைகள் மனிதர் ஏறிய கலத்திலன்றோ தம்மை வெளிப்படுத்தியிருக்கும்? வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. அணை எவ்விடத்தில் உடையும் என்று கோடையிலேயே ஆராய்ந்தறிதல் அதனினும் சிறந்த அறிவுடைமை. விண்ணினின்று மீள்வோர் நலமே நிலத்தை மிதிக்கும்போதெல்லாம், ஏறிய பொறியின் ஆற்றலோடு, இறக்கிய துணியை மடித்த கைகளின் கருத்துடைமையையும் நாம் நினைவு கூர்தல் முறையாகும்.